பின்னால் வந்த விசில்

ஏற்றத்தின் பாதியில் டின்டுவின் ஷூ வாயைப் பிளந்தது. அடிப்பாகம் கழன்று நாக்குப் போலத் தொங்கியது.

"ஏலே வினோ, நில்லுல. நடக்க முடியல."

அணித் தலைவன் வினோ எரிச்சலோடு திரும்பினான். சாந்தன்பாறைக்கு மேலே ஏறி, மலையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் பூப்பாறை ரோட்டில் புஷ்பமேரி டீக்கடை முன்னால் இறங்க வேண்டும். பள்ளி ஸ்கவுட்டில் இரண்டு அணிகள். முதலில் இறங்கும் அணிக்கு மாநில முகாம். முகாமுக்குப் போனால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க். அது இல்லாமல் வினோ கணக்கில் கரையேற வழியில்லை. பெயிலானால் ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்க அனுப்புவதாக அவன் அப்பா கங்காணியிடம் சொல்லிவைத்திருந்தார். வருஷக்கணக்கில் மருந்தடித்துத்தான் அவருக்கே இப்போது மூச்சு இரைக்கிறது.

"கூடாரக் கயித்த அறுத்துக் கட்டுல," என்றான் வினோ.

கட்டி முடிக்கவில்லை, கீழே மூடுபனிக்குள்ளிருந்து விசில் கேட்டது.

"பிஜு!" என்றான் அணியின் மூன்றாமவன் ரெஜின்.

எதிர் அணித் தலைவன் பிஜு, புஷ்பமேரியின் மகன். அவன் அணி இவர்களுக்கு அரை மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டானா?

கயிறு அறுந்த கூடாரம் இனி வெறும் சுமை. அதை ஏலச்செடிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினார்கள். மழை வலுத்தது. ஓடையைத் தாண்டும்போது ரெஜின் வழுக்கினான். அவனைப் பிடிக்கப் போன டின்டு அரிசிப் பையை விட்டான். பை தண்ணீரோடு போயிற்று.

"சட்டி இருக்குல," என்றான் டின்டு, ஆறுதலாக.

"சட்டிய வச்சு எதப் பொங்க?"

"அட்டையப் பொங்கு. எங்கால்ல வேணுங்கிற அளவு இருக்கு."

மறுபடி விசில். இந்த முறை நீளமாக, விடாமல்.

டின்டு நின்றுவிட்டான். "நில்லு நில்லுன்னு கூப்பிடுற மாதிரி இருக்கு. அவனுக்கு ஏதும் ஆயிருச்சோ?"

"ஒண்ணும் ஆகல. நாம நிப்போம், அவன் முந்துவான். கிரிக்கெட்டுல அவுட்டானா வயித்து வலின்னு படுக்குறவன்தான அவன்?"

பாதையை விட்டுக் குறுக்கே ஏறினால் நேரம் மிச்சமாகும் என்று வினோ கணக்குப் போட்டான். அவன் கணக்கு எப்போதும் போலவே ஆயிற்று. முள்ளில் சட்டை கிழிந்து, டின்டுவின் ஷூ சேற்றில் புதைந்து, நெடுநேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தது விட்ட பாதையில், விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே. விசில் கீழே அடுத்த வளைவிலேயே கேட்டது.

தலைதெறிக்க ஓடி, பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தார்கள். இடப்பக்கம் மேட்டுக்கு ஏறும் சரியான வழி. வலப்பக்கம் ஈத்த மூங்கில் அடர்ந்த பள்ளம். யானைக்கூட்டம் நிற்கும் இடம் என்று வனத்துறை போர்டு வைத்திருந்தது.

ஸ்கவுட்டில் ஒரு பழக்கம் உண்டு. பாதை பிரியும் இடத்தில், போகிற பக்கம் காட்டிக் கல்லால் அம்பு போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆள் தவறினால் தேடி வருகிறவனுக்கு அதுதான் வழி. ஸ்கவுட் ஆசிரியர் சூசையப்பன் சாரின் முதல் பாடமே அதுதான். முட்டிவலிக்காரரான சார் அவர்களோடு ஏறவில்லை. ஜீப்பில் சுற்றிப் போய் டீக்கடையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

வினோ குனிந்து அம்பு போட்டான். வலப்பக்கம் காட்டி.

"ஏலே, அது ஆனைக்காடுல!" என்றான் டின்டு.

"கொஞ்ச தூரம் போவான், பயந்து திரும்பிருவான். அதுக்குள்ள நாம மேல போயிருவோம். உனக்கு மார்க் இருக்கு, நீ பேசுவ."



இடப்பக்கம் ஏறிப் பாறை மறைவில் பதுங்கினார்கள். விசில் பிரிவு வரை வந்தது. நின்றது. பிறகு வலப்பக்கம் இறங்கியது, முன்னைவிட வேகமாக, இடைவிடாமல். ரெஜின் சிரிக்க ஆரம்பித்து, மற்ற இருவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

இருட்டுவதற்குச் சற்று முன் பள்ளத்தில் யானை பிளிறியது. அதன்பின் விசில் கேட்கவில்லை.

கூடாரமும் சோறும் இல்லாமல் அந்தப் பாறைக்கு அடியிலேயே முகாம் நடந்தது. "திரும்பிப் போயிருப்பான்," என்றான் வினோ. கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னான். விடிந்ததும் பள்ளத்தைப் பார்த்து, "பிஜு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இறக்கத்தில் யாரும் ஓடவில்லை. ஜெயித்தவர்கள் போலவே இல்லை அவர்கள். புஷ்பமேரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே வினோவுக்குத் தெரியவில்லை.

டீக்கடை பெஞ்சில், துவைத்த சட்டையும் சீவிய தலையுமாக, பிஜு உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

வினோ ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தோற்றது கூட அவனுக்கு உறைக்கவில்லை.

"எப்படில எங்கள முந்துன?"

"கையெல்லாம் எச்சி, விடுல! எங்க முந்த? நாங்க கெளம்பவே இல்ல. நீங்க ஏறுன கொஞ்ச நேரத்துல மழைக்கு ரெட் அலர்ட்டுன்னு கலெக்டர் லீவு விட்டுட்டாரு. மலையேத்தம் கேன்சல்."

டின்டு சட்டியைத் தரையில் வைத்தான்.

புஷ்பமேரி நான்கு கிளாஸில் டீ ஊற்றினாள். மூன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நான்காவதைப் பிடித்தபடி மலைப்பாதையை எட்டிப் பார்த்தாள்.

"அம்பு போட்டுட்டுத்தான் போயிருப்பானுக, அதப் பாத்தே புடிச்சிக் கூட்டிட்டு வந்துருவேன்னு, முட்டிவலியோட விசிலும் கையுமா உங்க பின்னாடியே ஏறுனாரே, சாரு எங்கய்யா?"