டோகாவுக்குக் கேட்ட துணி

ஈரோடு திருமலைசாமி மச்சானுக்குத் துடியலூரிலிருந்து அருண்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே புவனா, சபரீஷ், நான், மூவரும் நலம். நானும் நலம் என்பதை இந்தத் தடவை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

நீங்கள் வந்த அன்றைக்கு உங்கள் தங்கச்சி புவனா டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு. அந்தக் காலத்து மேலாடைகள்தான் பாடம்: ரோமாபுரி ஆம்பளைக்கு டோகா, பொம்பளைக்குப் பல்லா, கிரேக்கருக்கு ஹிமாட்டியன், குதிரை ஏறுகிறவனுக்குக் கிளாமிஸ். எதிலும் தையல் கிடையாது, சுற்றிப் போர்த்துவதுதான். பல்லா என்று அவள் சொல்லும்போதெல்லாம் "எந்தப் பல்லு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். டோகா கட்டி நிற்க நான்தான் ஆள். துணிக்காக உங்களுக்குச் செய்தி போட்டேன்: "புவனாவுக்குத் தைக்காத புது வெள்ளைத்துணி வேணுமுங்க. பத்து மணிக்கு எடுக்கோணும். உடனே வாங்க." பாடம் எடுக்கோணும் என்று முழுசாய் அடித்திருக்கலாம். தங்கச்சி புருஷன் போய்விட்டால் பொறந்த வீட்டிலிருந்து வெள்ளைக் கோடி கொண்டுவருகிற நம் வழக்கம் அவசரத்தில் மறந்துபோச்சுங்க.

சபரீஷ் காதுகுத்தில் மாமன் வந்து சேருமுன்னே குத்திவிட்டோம் என்று கோபித்துப் போனவர், அதற்கப்புறம் எங்க ஊட்டுப் படி மிதிக்காதவர், நீங்கள் மாலையும் கோடியுமாய் வேனில் வந்து இறங்கி, "சொக்கத்தங்கமாட்ட இருந்தீங்களே மாப்ளே, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டீங்களே" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுததைப் பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன். செத்தால் நமக்கு யார் அழுவார்கள் என்று எல்லாருக்கும் ஒரு கவலை உண்டு. எனக்கு அது தீர்ந்தது. என்னைக் கண்டதும் அந்த மாலையாலேயே ரெண்டு போட்டீர்களே, அதற்கும் நன்றிங்க.

அப்புறம், "நீங்க கட்டுனா கொசுவலை மாட்டுனாப்பல இருக்குது மாப்ளே" என்று துணியைப் பிடுங்கி நீங்களே டோகா சுத்திட்டு வகுப்பில் போய் நின்னீங்க. "ஏனுங்க டீச்சரம்மா, ஒரு கை எந்நேரமும் துணியைப் புடிச்சுட்டே இருந்தா இந்த ரோமாபுரிக்காரன் எப்பத்தான் வேலை செஞ்சான்?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டதில் புவனா பாடத்தை மறந்து சிரிச்சுப்போட்டாள். அண்ணன் பேசாத ஏக்கத்தில் அவள் பட்டது எனக்குத்தான் தெரியும். அவளை அப்படிச் சிரிக்க வைத்ததற்கு உங்களை எத்தனை கும்பிட்டாலும் தகுமுங்க.

அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கோணும். பொங்கலுக்கு எல்லாரும் இங்கேயே வாங்க, துணிமணி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் மாப்பிள்ளை
அருண்குமார்

பின்குறிப்பு: டோகாவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் வாங்கிய துணி முந்தின வாரமே எங்க பீரோவுக்குள்ள இருந்துச்சுங்க. கோடி வழக்கமும் எனக்கு மறக்கலை. எத்தனை கூப்பிட்டும் வராத மனுசன் வேற எதுக்குத்தான் வருவாருன்னு ரோசனை பண்ணித்தானுங்க செத்தேன்.