அண்ணாந்து குடிப்பவர்களுக்கு எந்தக் கிளாஸ்?

போடிநாயக்கனூர்,
12.11.1984

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் வார இதழைப் பதினோரு ஆண்டுகளாக விடாமல் வாங்குகிறவளும், தங்கள் கோலப் போட்டியில் ஒருமுறை ஆறுதல் பரிசு பெற்றவளுமாகிய சுருளியம்மாள் எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தில் உள்ள அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டிருக்கிறது, ஏலக்காய் வரத்து பரவாயில்லை, நாங்களும் சுகம். சுகம் கெட்டதெல்லாம் சென்ற மாதம் தாங்கள் வெளியிட்ட 'எந்த ஒயினுக்கு எந்தக் கிளாஸ்' என்ற ஒரு பக்கக் கட்டுரையால்தான். புகார் சொல்ல எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் ஏலக்காய் வியாபாரி. எங்கள் சரக்குக் கிட்டங்கியில் ஒரு சாம்பிள் மேசை உண்டு. மலையிலிருந்து வரும் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, முகர்ந்து பார்த்து, எந்த மலைச் சரக்கு, எப்படிக் காய்ந்தது, புதிதா பழையதா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர் கண்ணுச்சாமி. நான் மதுரையில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். கல்யாணமான நாளிலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருடமாக, அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணுச்சாமியின் மூக்கு முப்பது வருட மூக்கு என்பார் என் கணவர். அந்த மூக்கு மணிக்கு ஒரு தரம் பொடி உறிஞ்சுகிற மூக்கு என்று நான் சொன்னால், வீட்டில் சோலி இல்லையா என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்படி இருக்கையில், குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களாவில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காய் உலர்த்தும் தட்டுகள் வாங்கப் போன என் கணவர், தட்டுகளோடு சேர்த்துத் தலையில் கட்டினார்கள் என்று ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் கிளாஸ்கள் கொண்டுவந்தார். எல்லாம் ஒற்றைக்காலில் நிற்பவை. ஒன்று செம்பு மாதிரி பெரிய வயிறு, ஒன்று அதைவிடச் சின்ன வயிறு, ஒன்று முருங்கைக்காய் மாதிரி நெட்டை, ஒன்று குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவு. எங்களோடு இருக்கும் என் நாத்தனார் ஜக்கம்மாள் அன்றே பெரியதில் வெந்தயம் ஊறப்போட்டு, நெட்டையில் ஊதுவத்தி செருகி, குட்டியை விளக்கெண்ணெய் அளக்க எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த வாரம்தான் தங்கள் கட்டுரை வந்தது. சிவப்பு ஒயினுக்கு வாசனை விரிய இடம் வேண்டும், எனவே பெரிய வயிறு, வெள்ளைக்குச் சின்ன வயிறு, நுரைக்கிறதற்கு நெட்டை, இனிப்புக்குக் குட்டி. இதெல்லாம்கூடச் சரி. 'கிளாஸ் மாறினால் ஒரே ஒயின் வேறு ஒயினாகிவிடும்' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னை விடவில்லை. இலையில் வாசனை எங்கே இருக்கிறது, விதையில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்றெல்லாம் மூன்று வருடம் படித்தேன். ஊற்றி வைக்கிற ஏனத்தில் வாசனை இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லையே.

எங்கள் வீட்டில் ஒயினுக்கு எங்கே போவது? போடிமெட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டரின் மனைவி ஏலிக்குட்டி, கிறிஸ்துமசுக்காகப் பீங்கான் பரணியில் ஒயின் போட்டு வைப்பவர், நான் சொல்லி அனுப்பியதும் சரக்கு ஜீப்பிலேயே இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டார். கம்பத்துப் பன்னீர் திராட்சையில் செய்த சிவப்பு ஒன்று, அன்னாசியில் செய்த வெளிறியது ஒன்று. அன்னாசி ஒயினுக்கு எந்தக் கிளாஸ் என்று தங்கள் கட்டுரை சொல்லவில்லை. குடும்ப மானத்தைக் காக்க என்னோடு உட்கார்ந்த நாத்தனார், மருந்து மாதிரி ஒரு வாய் பார்த்தால் பாவமில்லை என்று பெரிய வயிற்றுக் கிளாஸைத் தூக்கினார். ஆசிரியர் அம்மா, எங்கள் வீட்டில் எந்த ஏனத்திலும் யாரும் வாய் வைத்ததில்லை. எச்சில் ஆகிவிடும். அண்ணாந்துதான் குடிப்போம். அந்தக் கிளாஸைச் சரித்தால் ஒயின் வயிற்றுக்குள்ளேயே யோசித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு முடிவு செய்துவிட்டு ஒரேயடியாக வருகிறது. வாய்க்கு வந்தது கொஞ்சம். மூக்கு, மோவாய், சுங்கிடிச் சேலை எல்லாவற்றுக்கும் பங்கு போயிற்று.

"ஏ ஆத்தா, இது குடிக்கிற ஏனமா, குளிக்கிற ஏனமா?" என்றார். அந்த பங்களா வெள்ளைக்காரன் குட்டையாக இருந்து இந்த வாளிக்குள் விழுந்து செத்திருப்பான், அதுதான் ஏலத்துக்கு வந்துவிட்டது என்றும் சொன்னார். பிறகு ஊதுவத்திச் சாம்பலைக் கழுவிவிட்டு நெட்டைக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தார். அது நூல் பிடித்த மாதிரி நேராக வாய்க்குள் இறங்கியது. சிவப்போ வெள்ளையோ அன்னாசியோ, எல்லா ஒயினுக்கும் நெட்டைதான் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பைச் சரிபார்ப்பதிலேயே கால் பாட்டில் போய்விட்டது.

என் சந்தேகம் இதுதான். தங்கள் கட்டுரை மூக்கு கிளாஸுக்குள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. அண்ணாந்து குடிப்பவரின் மூக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. வாசனை உத்தரத்துக்குப் போய்விடுகிறது. அப்படியானால் எங்களுக்கு எந்தக் கிளாஸ்?

நாத்தனார் சேலை மாற்றப் போனபோது நான் ஒரு காரியம் செய்தேன். நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக ஒரு ஏனத்தில் வாய் வைத்தேன். பெரிய கிளாஸில் மூக்கு உள்ளே போனதும், திராட்சைத் தோல், கிராம்பு, எங்கேயோ அடியில் ஈரச் சாக்கு, இவ்வளவும் தனித்தனியாக வந்தன. அதே பாட்டிலை நெட்டையில் ஊற்றினால் சர்க்கரை மட்டும்தான். இரண்டு கிளாஸையும் மூன்று முறை கழுவி வைத்துவிட்டு யோசித்தேன். ஒயினுக்கு ஆவது ஏலக்காய்க்கு ஆகாதா?

என் கணவரிடம் சொன்னேன். நேற்று அவரே மூன்று கிளாஸ்களில் ஏலக்காயை நுணுக்கிப் போட்டு, என் முன்னால் வைத்து, சரியாகச் சொன்னால் நாற்காலி என்றார். பெரியதில் இருப்பது குரங்கணி, வெயிலில் காய்ந்தது என்றேன். சின்னது போடிமெட்டுச் சரக்கு, புகை பட்டது. நெட்டையில் இருப்பது போன வருடத்துப் பழசு. மூன்றுக்கும் அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் "சரிதான்" என்றார். "நாளையிலருந்து வா" என்றார்.

ஆகவே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணாந்து குடிப்பவர்களுக்கான பதிலைக் கேள்வி பதில் பகுதியில், என் பெயர் போடாமல், 'ஒரு வாசகி, மதுரை மாவட்டம்' என்று மட்டும் போட்டு வெளியிடவும். தங்கள் இதழ் பல்லாண்டு வளர எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சுருளியம்மாள், பி.எஸ்ஸி.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் இதை என் கணவருக்குப் படித்துக்காட்டினேன். 'சரிதான்' வந்த இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வந்து, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "மூணுலயும் ஒரே சாக்குச் சரக்குத்தான் போட்டேன், சுருளி. தேவாரம் ஊருக்கு மேல இருந்து வந்தது. சாப்பிடுறப்ப சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். ஒன் மொகத்தப் பாத்தா சொல்ல வாய் வரல" என்றார்.

மூன்று கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போய், அதே சாக்கிலிருந்து நுணுக்கிப் போட்டுக் கண்ணுச்சாமியிடம் நீட்டினேன். அவர் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு நிதானமாக முகர்ந்தார். "இது கொட்டகுடி, தாயி. இது தேவிகொளம். இந்த நெட்டையில யாரோ பழசக் கலந்திருக்காய்ங்க" என்றார். பின்னாலேயே வந்திருந்த என் கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப இந்த முப்பது வருசமா..." என்றார். உள்ளே போய் அவரே ஒரு நாற்காலி தூக்கிவந்து போட்டார்.

ஆகவே கிளாஸ் மாறினால் சரக்கே வேறாகிவிடும் என்ற தங்கள் கட்டுரையின் அந்த வரி உண்மை. நான் ஏலக்காய் பற்றி மேலே எழுதியது எதுவும் உண்மை அல்ல. கிளாஸ்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். இங்கே உள்ளங்கை மட்டும்தான். இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்றைய முதல் சாக்கைக் கண்ணுச்சாமியும் நானும் கசக்கி முகர்ந்து ஒரே நேரத்தில் ஊர் சொன்னோம். இரண்டும் வேறு வேறு ஊர். என் கணவர், ஊர் பெயர் எழுதிச் சாக்கில் கட்டியிருந்த சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.