பெண் வீட்டார் குடித்த காப்பி

அதிகம் வாய் பேசாதவளுக்குக் கர்வம் இருக்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கும் இருக்கிறது, வெளியே வராது, அவ்வளவுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுசு போயிற்று. ஆனால் எங்கள் மலையூர் தலைச்சோலையில் என்னைப் போலக் காப்பிக்கொட்டை வறுக்க ஆள் கிடையாது என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. (யாரும் சொன்னதில்லை. நானே முடிவு பண்ணிக்கொண்டது.)

என் சின்ன மகன் முருகேசன் ஜீப் ஓட்டுகிறான். வயது ஏறிக்கொண்டே போனது. வந்த சம்பந்தமெல்லாம், மலை மேலே பெண் கொடுக்க மாட்டோம் என்று தட்டிப் போனது. கடைசியில் சேலத்தில் ஒரு இடம் அமைந்தது. கவிதா, இங்கிலீஷ் டீச்சர். அவளும் அவள் அப்பா அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏற்காட்டுக் கடையில நல்ல பொடி வாங்கிட்டு வந்துடறேன்ம்மா" என்றான் முருகேசன்.

"நம்ம தோட்டத்துல காப்பி வெளைய, கடைப்பொடியா? போடா!" என்றேன்.

வாசலில் காப்பிக்கொட்டையும் மிளகும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் காய்ந்தன. கோழிகள் கிளறிவிட்டிருந்தன. கைக்கு வந்ததை வாரி எடுத்தேன். நடுவில் கறுப்பு கறுப்பாகத் தெரிந்ததை, ஒட்டியிருக்கிற தோல்தானே, சட்டியில் போய்விடும் என்று விட்டேன். வறுக்கும்போது தும்மல் தும்மலாக வந்தது. பனி என்று நினைத்தேன். (அனுபவசாலி அல்லவா!)

அவர்கள் வந்தார்கள். டம்ளர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போதாத வேளை, அன்றைக்குப் பார்த்து எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"கீழ நீங்க குடிக்கறதெல்லாம் காப்பியே இல்லீங்க. இதைக் குடிச்சுப் பாருங்க."

பெண்ணின் அப்பா ஒரு மடக்கு இழுத்தார். காது சிவந்தது, அப்புறம் மூக்கு. அந்த அம்மா இருமிய இருமலில் கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

"ஏனுங்க, யாருக்காச்சும் சளி புடிச்சிருக்குதுங்களா? கசாயம் மாதிரி இருக்குதுங்க" என்றார் அவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

முருகேசன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடி, மிச்சத்தை வாயில் விட்டேன். மிளகு! உச்சந்தலைக்கு ஏறியது. என் வாயால் என் பிள்ளை கல்யாணம் நின்றது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கவிதா உள்ளே வந்தாள். ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"எனக்கு நல்லா வேணும் கண்ணு. நொம்பப் பீத்திக்கிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "இப்படிப் பெருமை அடங்கித் திருந்தறதுக்கு இங்கிலீஷ்ல 'சேஸன்'னு ஒரு சொல்லு இருக்குதுங்க அத்தை."

"திட்டற வார்த்தையா சாமி?"

"இல்லீங்க. லத்தீன்னு ஒரு பழைய பாஷையில 'சுத்தம்'னு அர்த்தமுள்ள சொல்லுல இருந்து வந்தது. சுத்தமாக்கறதுன்னுதான் முதல்ல அர்த்தம். அப்புறம்தான் கண்டிச்சுத் திருத்தறதுன்னு ஆச்சு."

பழத்தோல் நீக்கின காப்பிக்கொட்டையை, வழவழப்புப் போகத் தண்ணீரில் தேய்த்து அலசுவோமே, அதுமாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றாள். கழுவினது சரி, கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்க நாக்கு எழவில்லை. அத்தை என்று கூப்பிட்டாளே என்பது அவர்கள் ஜீப் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணம் நடந்தது. சேலத்தில் சம்பந்திக்குச் சளி பிடித்தால் இன்றைக்கும் எனக்குத்தான் போன் வரும்: "சம்பந்தியம்மா, அந்தக் காப்பி கொஞ்சம் அனுப்புங்க." கேலியா நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போன தடவை எதற்கு வம்பென்று, காலையிலேயே முருகேசனிடம் காப்பியையும் மிளகையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன்.

சாயந்திரமே போன். "ஏனுங்க, கலக்க மறந்துட்டீங்களே!"