சம்பந்திகளும் நான்கு தளபதிகளும்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கதவைத் தாளிட்டு, கொமட் மூடியின்மேல் உட்கார்ந்து ஜெனரல் பேட்டனைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார் சிவநேசம். கையில் கைபேசி, நெற்றியில் வியர்வை. மனைவி தவமலர் கதவைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, அவை வந்திட்டினம். கார் விட இடம் தேடுகினம். வெளியில வாங்கோ!"

"பொறுமப்பா, சிசிலி இன்னும் முடியேல்லை."

மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷனில் பாலும் பீரும் லொத்தர் சீட்டும் விற்கும் டெப்பனர் கடைக்காரருக்கு அமெரிக்கத் தளபதிகளோடு என்ன உறவு? எல்லாம் மகள் நிரோஜாவால் வந்தது. அவள் விரும்பும் ஆதித்தனின் பெற்றோர் ரொக்ஸ்பரோவிலிருந்து இன்று பெண் பார்க்க வருகிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள். தகப்பன் சண்முகவேல் ஓய்வுபெற்ற எஞ்சினியர். சிவநேசத்துக்கோ இந்தியத் தமிழர் யாரைக் கண்டாலும் எண்பத்தேழில் இந்திய இராணுவம் இலங்கைக்கு வந்த கதையை எடுக்காவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எடுத்தால் கோயிலென்றும் பாராது, கல்யாண வீடென்றும் பாராது, சண்டைதான்.

அதனால் நிரோஜா போன கிழமையே முன்கூட்டி எச்சரித்துவிட்டாள்.

"அப்பா, எங்கட சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. ஆதித்தன்ர அப்பாவுக்கு ரெண்டாம் உலகப்போர் எண்டால் உயிர். எந்த அமெரிக்க ஜெனரலுக்குத் தகுதிக்கு மிஞ்சின பேர் எண்டுதான் எந்த நேரமும் வாதாடுவாராம். தலையாட்டிறவையை அவருக்குக் கண்ணிலயும் காட்டக் கூடாது. நீங்கள் எதிர்த்துக் கதையுங்கோ. இது குழம்பினால் நான் வேற ஆரையும் கட்ட மாட்டன்."

கடைசி வசனம்தான் அவரைக் கொன்றது. ஒரே பிள்ளை. வீம்பிலும் அவரையே உரித்து வைத்தவள், சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து மனிதர் பால் கேட்டவருக்குப் பீரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று போர்ப்படம் பார்த்தார்.

விருந்தினர் பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு வந்து அமர்ந்தார்கள். கொண்டுவந்த தட்டத்தைச் சண்முகவேலின் மனைவி கிரிஜா மேசையில் வைத்தாள். பழம், பூ, அவற்றின்மேல் நிரோஜாவுக்கு ஒரு பட்டுப்புடவை. சிவநேசத்தின் நாக்கு எண்பத்தேழை நோக்கி நகர்ந்தது. பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தார்.

"ஐயா, என்னைக் கேட்டால், ஜெனரல் பேட்டனுக்குக் கிடைச்ச பேர் கொஞ்சம் கூட."

சண்முகவேல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மகன் ஆதித்தனை ஒருதரம் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார்.

"அதெப்படி சார் சொல்லலாம்? பிரான்ஸ்ல அவர் முன்னேறின வேகத்துல டாங்கிக்கு பெட்ரோலே தீர்ந்துபோச்சு!"

"பெற்றோல் முடியிறது தெரியாமல் ஓடுறவன் தளபதியோ? என்ர மச்சானும் போன மாதம் அப்பிடித்தான் ஹைவேயில நிண்டவன். அதோட, ஆஸ்பத்திரியில கிடந்த சிப்பாய்க்குக் கன்னத்தில அறைஞ்சவரல்லோ!"

சண்முகவேலின் முகம் சிவந்தது. ஐயோ, அளவுக்கு மிஞ்சிவிட்டேனோ என்று சிவநேசம் பயந்துபோனார். உடனே பின்வாங்கினார்.

"எண்டாலும் நீங்கள் சொல்லுறதும் சரிதான். பேட்டன் கெட்டிக்காரன்."

"என்ன சார் சரி? நோயாளியை அறைஞ்சவனைப் போய்க் கெட்டிக்காரன்ங்கறீங்களே!"

சிவநேசம் விழித்தார். இப்போது பேட்டனைத் திட்டியவர் புகழ்ந்துகொண்டிருந்தார், புகழ்ந்தவர் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சத்தம் மட்டும் குறையவில்லை.

நடுவில் சண்முகவேல் குளியலறைக்குப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாவம், சீனி வருத்தம்போல என்று சிவநேசம் இரக்கப்பட்டார். திரும்பி வந்தவரோ புது மனிதராக வந்தார்.

"மெக்ஆர்தரை எடுத்துக்குங்க சார். பிலிப்பைன்ஸ்ல படையை விட்டுட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்."

"திரும்பி வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவர்! சொன்னபடி வந்தவரோ இல்லையோ? என்ர கடைக் குழாய் திருத்த வந்தவனும் அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் போனவன். இண்டைவரைக்கும் ஆளைக் காணேல்லை!"

வாயை அடைத்தால் சத்தம் அடங்குமென்று தவமலர் மரக்கறி ரோல்ஸையும் தக்காளி சோஸையும் லட்டுவையும் கொண்டுவந்து வைத்தாள். அதுவே வினையாயிற்று. சிவநேசம் ரோல்ஸை வரிசையாக அடுக்கி இத்தாலி தேசத்தை உண்டாக்கினார். நடுவில் ஒரு லட்டு.

"இதுதான் ரோம். இஞ்சால சோஸ், ஜெர்மன் படை. ஜெனரல் மார்க் கிளார்க் சோஸை மறிக்காமல் லட்டுக்கு ஓடினவர். பேப்பரில படம் வரவேணுமெண்ட ஆசை! இவரைவிட ஊதிப் பெருப்பிச்ச ஆள் ஆர்?"

"ரோமைப் பிடிச்சது தப்பா சார்?" என்ற சண்முகவேல் ரோமைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். "இப்ப எங்க போச்சு உங்க ரோம்?"

ஆத்திரத்தில் சிவநேசம் சோஸ் போத்தலை மேசையில் ஓங்கிக் குத்தினார். ஜெர்மன் படை கிளம்பி, சண்முகவேலின் வெள்ளைச் சட்டையில் நேராக நெஞ்சில் இறங்கியது.

"ஐயோ, மன்னியுங்கோ!" பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். கிரிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். துணியைப் பார்த்தார். நிரோஜாவுக்கு வந்த பட்டுப்புடவை.

இனி ஒரு சமாதானம்தான் குடும்பத்தைக் காப்பாற்றும் என்று சிவநேசத்துக்குப் பட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி ஐயா, எல்லாத்தையும் விடுவம். ஐசன்ஹோவரில எங்கள் ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லைத்தானே? நல்ல மனுசன்."

சண்முகவேல் நெஞ்சிலிருந்த சோஸைப் பார்த்தார். சிவநேசத்தைப் பார்த்தார்.

"ஐசன்ஹோவரா? போர்க்களத்துல ஒரு படையையும் நடத்திப் பார்க்காம தலைமைக்கு வந்த ஆளு. வெறும் குமாஸ்தா!"

சிவநேசத்துக்கு என்ன வந்ததென்று அவருக்கே தெரியாது. போன கிழமைவரை பெயரே கேள்விப்படாத ஒருவருக்காக மேசையில் அறைந்துகொண்டு எழும்பினார்.

"என்ர வீட்டுக்குள்ள வந்திருந்து ஐசன்ஹோவரை அப்பிடிச் சொல்லக் கூடாது!"

"அப்போ நாங்க கிளம்பறோம்!"

கோபத்தோடு விறுக்கென்று வெளியேற மொன்ட்ரியாலில் வழியில்லை. சப்பாத்து, கோட்டு, தொப்பி, கையுறை என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். சண்முகவேல் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிரோஜா சுவரில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

அதைக் கண்டதும் சிவநேசத்தின் வீறாப்பெல்லாம் கரைந்துபோனது. பிள்ளையின் வாழ்க்கையை இப்படி அநியாயமாகக் கெடுத்துவிட்டேனே என்று தோன்றியது. அப்படியே சண்முகவேலின் முன்னால் முழங்காலிட்டுச் சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தார்.

"ஐயா, ஐசன்ஹோவரை நீங்கள் என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ. உங்கட ஆராய்ச்சிக்கு முன்னால நான் ஆர்? என்ர பிள்ளையை மட்டும் வேண்டாமெண்டு போகாதையுங்கோ."

கிரிஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆராய்ச்சியா? அண்ணா, ஜெனரல்னா உங்களுக்குத்தான் உசுரு, எதிர்த்துப் பேசறவங்க வீட்டுக்குத்தான் பொண்ணு குடுப்பீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாளேன்னு, இந்த மனுஷன் ஒரு வாரமா சோறு தூக்கம் இல்லாம மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார்!"