பாட்டு வராத ஹெட்போன்

உடம்பு முடியவில்லை என்று சொன்னால் உலகம் நம்மை விட்டுவிடும். கால்வலி, தலைவலி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பெண், 'பேசத் தெம்பில்லை, யாராவது பேசினால் கேட்கவும் தெம்பில்லை' என்று சொல்லிப் பார்க்கட்டும். "ஏன், என்னாச்சு, வீட்ல சண்டையா?" என்று அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் அனுதாபம் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

பொம்மசந்திராவில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. வீடு ஜீவனஹள்ளியில். ஊரின் இந்தக் கோடியில் தூங்கி அந்தக் கோடியில் உழைக்கிற பிழைப்பு. நடுவில் கம்பெனி பஸ். பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை, எழுதவும் சலிப்பாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து, குக்கர் வைத்து, டிபன் பாக்ஸ்களைக் கட்டி, மகனை எழுப்பி, எழுந்தவன் மறுபடி படுத்துவிட்டானா என்று பார்த்து, வண்டிச் சாவி எங்கே என்று கேட்கும் கணவருக்குப் பதில் சொல்லி (தினமும் அதே ஆணியில்தான் தொங்குகிறது), ஓடிப்போய் பஸ் ஏறினால், அந்த இருக்கை ஒன்றுதான் எனக்கென்று உள்ள இடம். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கக்கூடாது. என் பேராசை அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்து இருக்கையில் பிலோமினாக்கா.

அக்கவுண்ட்ஸில் இருப்பவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தங்கமான மனுஷி, பேச்சு மட்டும் நிற்காது. நான் உட்காரும்போது தொடங்கினால் சில்க் போர்டு சிக்னலில் பாதிதான் ஆகியிருக்கும். வேலைக்காரப் பெண் வராதது, மாதா கோயில் பாட்டுக்குழுவில் நடந்த சண்டை, கேஸ் சிலிண்டர், முழங்கால். அவருடைய முழங்கால் எக்ஸ்ரேயை இன்றைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

இதற்காகத்தான் ஹெட்போன் வாங்கினேன். காதுக்குள் சொருகுகிற சின்னது இல்லை. 'என்னிடம் பேசாதே' என்பது தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று, காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன். முதல் நாள் பிலோமினாக்கா பார்த்தார். "ஓ, பாட்டா? கேளு கேளு" என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டோர்ஸ் கோமளாவிடம் முழங்காலைத் தொடங்கினார். (கோமளா, என்னை மன்னித்துவிடு.)

சில மாதம் சொர்க்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் மகன் அந்த ஹெட்போன் மேல் உட்கார்ந்தான். "அது முன்னாடியே உடைஞ்சிருந்துச்சும்மா, அப்புறம்தான் நான் உக்காந்தேன்" என்று சாதித்தான். அதற்குப் பிறகு அதில் சத்தமே வரவில்லை. மறுநாள் காலை அவசரத்தில், பழக்க தோஷத்தில், அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பிலோமினாக்கா என்னைப் பார்த்தார், கோமளா பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. பாட்டு எதற்கு? ஹெட்போன் இருந்தால் போதும்.

அன்றிலிருந்து அந்தச் செத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்வந்தேன். இல்லாத பாட்டுக்கு லேசாகத் தலையாட்டுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் ஓசூர் ரோட்டில் டயர் வெடித்து முழு பஸ்சும் அலறியது. நான் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். நடிப்பில் அவ்வளவு சிரத்தை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஒருத்திக்குக் காது கேட்காது என்று முடிவாகிவிட்டால், ஜனங்கள் அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசுவார்கள். கோமளா எதிர் கம்பெனிக்கு ரகசியமாக இன்டர்வியூ போய்வந்தது எனக்குத் தெரியும். முன் இருக்கை எச்.ஆர். வெங்கடேஷ் சாரின் தலையில் இருப்பது அவருடைய சொந்த முடி இல்லை என்பதும், அதை ஒட்டும் பசை எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதும் தெரியும் (அவரே போனில் விசாரித்தார்). தூங்கலாம் என்று மாட்டினேன், கடைசியில் கேட்டுக் கேட்டு இருந்த தூக்கமும் போயிற்று.

இந்த நேரத்தில் வீட்டில் என் தம்பி அருளுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். வருஷக்கணக்காகப் பார்க்கிறோம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை, நல்ல பையன், ஆனால் ஒவ்வொரு இடமும் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனது. ஒவ்வொரு முறையும் அவன் "பரவாயில்லக்கா" என்பான், அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். அம்மா கடைசி முயற்சியாகப் புது பயோடேட்டா ஒன்று சொல்லச் சொல்ல, நான் போனில் டைப் அடித்துத் தரகரிடம் கொடுத்திருந்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம். சில்க் போர்டில் பஸ் வேரூன்றி நின்றிருந்தது. பிலோமினாக்கா கோமளாவிடம் குரலைத் தாழ்த்தினார். (அவர் தாழ்த்தினால் மூன்று இருக்கைக்குக் கேட்கும்.)

"கோமளா, நம்ம ஜாஸ்மினுக்கு ஒரு எடம் வந்துருக்கு. என் தங்கச்சி பொண்ணு, சொல்லிருக்கேன்ல? பையனோட அக்கா நம்ம கம்பெனின்னு போட்டிருக்கு. யாருன்னு பாத்தா, இதோ, இவ!"

"ஹௌதாக்கா, நெஜமாவா? ஐயோ, மெல்லப் பேசுங்க, கேட்டுறப் போவுது."

"அதெல்லாம் கேக்காது. டயரு வெடிச்சப்பவே திரும்பல. நீ சொல்லு, இவ நாத்தனாரா வந்தா எப்படி?"

கோமளா யோசித்தாள். என் தலையாட்டல் நின்றுவிட்டதைக் கவனித்து அவசரமாக மறுபடி ஆட்டினேன்.

"யார் வம்புக்கும் போவ மாட்டாங்கக்கா. யார் இன்னா பேசினாலும் காதுல வாங்கவே மாட்டாங்க."

"அதான்! நாத்தனாருன்னா இப்படித்தான் இருக்கணும். ஜாஸ்மின் நிம்மதியா இருப்பா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஓர் இடம் கனிந்து வருகிறது, அதுவும் என் நற்குணத்தால்! நான் செய்ய வேண்டியதெல்லாம் பொம்மசந்திரா வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். மூன்று மாதமாகச் செய்கிற வேலை.

"மாப்பிள்ளைய நான் பாத்திருக்கேன்" என்றாள் கோமளா. "மழையன்னைக்கு இவங்கள கூட்டினு போக பைக்ல வந்தாரு. ஆளு நல்லாத்தான் இருந்தாரு. ஆனா வயசு ஜாஸ்தியோன்னு தோணிச்சு. முன்னாடி முடி கொட்டிருச்சு. நாப்பது இருக்கும்."

"நாப்பதா! இருக்காதும்மா. ஒரு முப்பத்தெட்டு?"

"நாப்பதுக்குக் கொறையாதுக்கா."

ஹெல்மெட் போட்டுப் போட்டுக் கொட்டின முடி அது. என் தம்பியை என் தலைக்கு மேலேயே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்தேன். நாற்பத்தொன்றுகூட இருக்கலாம் என்று கோமளா சொன்ன கணத்தில் பஸ்சுக்குள் ஒரு குரல் கேட்டது.

"முப்பத்திநாலுதான்!"

என் குரல்தான். டிரைவர் மஞ்சண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பஸ்சே அடங்கிப் போயிற்று. அந்த அமைதியில் ஒவ்வொருவரும் மூன்று மாதமாக என் பக்கத்தில் என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. வெங்கடேஷ் சாரின் கை தானாகத் தலைக்குப் போனது.

எனக்குத் தோன்றிய ஒரே யோசனை, ஹெட்போனைக் கழற்றி, "என்னக்கா, கூப்பிட்டீங்களா?" என்று கேட்பது. (சத்தியமாகக் கேட்டேன்.)

பிலோமினாக்கா கண்ணைச் சுருக்கினார். கணக்கெழுதுகிறவர் அல்லவா, அவர் மனசு வேறோர் இடத்தில் நின்றிருந்தது.

"முப்பத்திநாலா? பயோடேட்டாவுல முப்பத்திரெண்டுன்னுல்ல போட்டிருக்கு?"

போட்டிருந்தது. அம்மா இரண்டைக் குறைக்கச் சொன்னார். டைப் அடித்ததே நான்தான்.

கோமளா வெளிறிப்போய், "அக்கா, என் விஷயம்..." என்றாள். 'எந்த விஷயம்?' என்று கேட்டிருக்க வேண்டும். "இன்டர்வியூவா? நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் கோமளா" என்று தெளிவாகச் சொன்னேன். வெங்கடேஷ் சார் திரும்பினார். "என்ன இன்டர்வியூ?" (அந்த வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டதால் நான் பிழைத்தேன்.)

பிலோமினாக்கா என் கையிலிருந்த ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். பக்கத்தை மாற்றி வைத்தார்.

"பாட்டே வரலியே. எப்பருந்து?"

"கிறிஸ்துமஸ்ல இருந்துக்கா."

"ஈஸ்டரே முடிஞ்சிருச்சேடி!" என்றார். பிறகு, சின்னக் குரலில், "என் பேச்சு அவ்ளோ தொல்லையா? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தொல்லை இல்லக்கா. எனக்குத் தூக்கம் வருது, அவ்ளோதான்" என்றேன். உண்மை அதுதான், ஆனால் சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. மறுநாள் அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். நான் ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. பஸ்சில் என்னைச் சுற்றி ஒரு ஈகூடப் பேசவில்லை. அதில் ஒரு நிமிஷம்கூட எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே வாயைத் திறந்து கெடும், நீ காதையும் திறந்து கெடுத்தியேடி!" அருள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "பரவாயில்லக்கா" என்றான். அன்று ராத்திரி நான் அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் பிலோமினாக்கா மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஜாஸ்மினுக்கு இருபத்தொம்போதுன்னு போட்டிருக்கோம். முப்பத்தொண்ணு. என் தங்கச்சியும் ரெண்டு கொறைச்சா. நான்தான் எழுதிக் குடுத்தேன்." இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். "அங்க ரெண்டு, இங்க ரெண்டு. டேலி ஆயிருச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பொண்ணு பாக்க வாங்க."

போனோம். ஜாஸ்மின் காப்பித் தட்டோடு வந்து, அருளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். கல்யாணத்தன்று கோயிலில் பதிவேட்டைச் சரிபார்த்த ஃபாதர், "மாப்பிள்ளைக்கு வயசு?" என்று கேட்டார். அருள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்த எங்கள் பஸ் கூட்டம் மொத்தமும், மஞ்சண்ணா உட்பட, "முப்பத்திநாலுதான்!" என்று கத்தியது. அதற்குப் பிறகு அவனுக்கு வயசே ஏறவில்லை. ஒவ்வொரு பிறந்தநாள் கேக்கிலும் அதே எண்தான்.

எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. பஸ் பயணத்துக்கு மட்டும் பிலோமினாக்காவிடமிருந்து தப்பிக்கப் பார்த்தவளுக்கு, அவர் இப்போது ஆயுள் முழுக்கச் சொந்தம். வாரம் பூராவும் பஸ்சில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில். போன ஞாயிறு சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, மகன் வாங்கித் தந்த புது ஹெட்போனை மாட்டியிருந்தேன். பிலோமினாக்கா வந்தார். நேராக என் தலையிலிருந்து அதைக் கழற்றினார், தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"ம், வருது" என்றார். திருப்பி என் தலையிலேயே பத்திரமாக மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.