கூடையில் இறங்கிய தாய்மாமன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பேனாவை எடுப்பேன், 'இயேசு மரி சூசை' என்று தாளின் மேலே எழுதுவேன், அதோடு கை நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளே இருந்த பயம் வேறு. படித்துவிட்டால் என்ன செய்வது?

நான் எழுதாததால் கதை ஒன்றும் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரி பாக்கியமேரி அதைப் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் பந்தி முடியுமுன் பரிமாறிவிடுகிறாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மலை கொஞ்சம் உயர்கிறது, நான் கொஞ்சம் கனக்கிறேன். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் (மாப்பிள்ளை வீட்டார் முன்னால்) என்னை எருமை சுமந்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். எருமை கிடையாது. அதற்காகவாவது நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சின்னமனூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் தங்கச்சி மகள் ஜெசிந்தாவை மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தோம். லைன் வீட்டில் குடியிருப்பு. அங்கிருந்து கீழே வருகிற ரோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மாதா மன்னிக்கட்டும். அவளுக்குத் தலைப்பிரசவ வலி வந்தபோது கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிடைத்தது பலசரக்கு ஜீப். ஆஸ்பத்திரி வருமுன்பே ஒரு கொண்டை ஊசி வளைவில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பையன் பிறந்துவிட்டான். இரண்டு உயிரும் தப்பியது ஆண்டவர் செயல். (பையனுக்கு ஞானஸ்நானப் பெயர் அருள்ராஜ். ஊர் கூப்பிடுவது 'வளைவு'.)

இப்போது ஜெசிந்தா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

"மாமா, அந்த வளைவை நெனைச்சாலே தூக்கம் வர மாட்டேங்குது. இந்தத் தடவை என்னாகுமோ" என்றாள். தாய்மாமனிடம் ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னபிறகு சோறு எப்படி இறங்கும்?

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் உள்ள ஓர் அறக்கட்டளை, எஸ்டேட் சனங்களுக்காகப் படுக்கை வைத்த ஜீப் ஒன்று வாங்க ஏற்பாடு செய்தது. நேபாள நாட்டில் ஒரு மலைக் கணவாய்வரை ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் தங்கள் ஊரில் நன்கொடைக்கு வாக்கு வாங்கி வர வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதர் அறிவித்தார்: "நம்ம பங்குல நல்லா நடக்கிறவுக யாரு?"

என் கை மேலே போனதை நானே வேடிக்கை பார்த்தேன். வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவன் நான். எல்லாரும் வந்து சேருமுன் அங்கே குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பேன். அந்தத் திமிர். பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியமேரி பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது. அதற்குள் பாதர் பெயரை எழுதிவிட்டார்.

வாக்கு வாங்கப் போடிக்குப் போனேன். பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் முருகேசண்ணன் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஆண்டுதோறும் அக்கினிச்சட்டி எடுப்பவர். அவர் கொடுத்தால் பஜாரே கொடுக்கும், அவர் கையை மடக்கினால் பஜாரே மடக்கும்.

"சவரி, பெருசாவே தாரேன். ஆனா அந்த உச்சியில நின்னு என் கடை பேனரைப் பிடிச்சு போட்டோ அனுப்பணும். பாதியில திரும்பினா ஒண்ணும் கிடையாது" என்றார்.

"பாதி மலைக்குப் பாதியாச்சும் கிடையாதாண்ணே?"

"பாதிச் சட்டி எடுத்தேன்னு எவனும் சொல்லுவானா?"

அவ்வளவுதான். ஜெசிந்தாவின் ஜீப் என் இரண்டு காலில் வந்து ஏறிக்கொண்டது.

இங்கேதான் வினை. எங்கள் ஊரில் மனிதன் தூரமாக நடந்தால் அது சாமிக்குத்தான். வேறு எதற்கு நடப்பான், பஸ் இருக்கிறதே? நான் மலைக்கு நடக்கப்போகிறேன் என்று தெரிந்ததும், வேளாங்கண்ணிக்குக் கொடுத்துவிடுவது போலவே ஆளாளுக்கு நேர்ச்சைப் பொருளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நடக்கிறவன் மறுக்கக்கூடாது. வாங்கிய கைதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இடையில் வேறு ஆளைச் சுமக்க விடக்கூடாது. (நடக்க முடியாமல் விழுந்தவன் மட்டும், கொடுத்தவர் பெயரை வாயால் சொல்லி இன்னொருவன் கைக்கு மாற்றலாம். நான் விழப்போவதில்லையே, அதனால் அந்த விதி அப்போது நினைவுக்கு வரவில்லை.)

உப்பு மிளகுப் பொட்டலங்கள், வெள்ளித் தகட்டில் செய்த கண், கால், அரியர் பாஸாக வேண்டும் என்று ஒரு பேனா, சுகப்பிரசவத்துக்காக ஜெசிந்தா கொடுத்த சின்ன மரத்தொட்டில். கடைசியாக என் மதினி மதலையம்மா, அதாவது பாக்கியமேரியின் அக்கா, ஒரு மெழுகுதிரியோடு வந்தாள். பேரன் உயரத்துக்கு நேர்ந்தது. நேர்ந்தது அவன் பிறந்தபோது. செலுத்த வந்தது அவன் பிளஸ் டூ படிக்கும்போது. பையன் பள்ளிக்கூட வாலிபால் டீமில் இருக்கிறவன்.

"கொழுந்தனாரே, ஒடைக்காமக் கொண்டு போயிருங்க. ஒடைஞ்சா அவனுக்கு ஆகாது" என்றாள்.

"அக்கா, அவரு ஒடையாம வாராரான்னு மொதல்ல பாப்போம்" என்றாள் பாக்கியமேரி.

இன்னொரு கஷ்டம் பூட்ஸ். வெறுங்காலில் நடந்தே பழகியவன். அறக்கட்டளைக்காரர்கள் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். வாங்கிப் போட்டுத் திராட்சைப் பந்தலுக்குள் நடந்து பழகினேன். மருந்தடிக்க வந்த புது ஆள் என் காலைப் பார்த்து, கரண்ட் ஆபீஸ் ஆள் என்று நினைத்து மோட்டார் ரூமைத் திறந்து காட்டினான்.

மதுரையில் ரயில் ஏறினோம். மேல் பெர்த்தில் நானும் மெழுகுதிரியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டோம். டிக்கெட் பரிசோதகர் போர்வையை விலக்கிப் பார்த்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். (என்னை இல்லை.) ஆனால் வடக்கே போகப்போக வெயில் தாங்க முடியவில்லை. ரயிலை விட்டு இறங்கும்போது மெழுகுதிரி உடையவில்லை, சத்தியமாக உடையவில்லை, மேல் நுனி மட்டும் கொக்கி போல வளைந்துவிட்டது. எங்கள் மறைமாவட்ட ஆயர் திருவிழாவுக்கு வரும்போது கையில் பிடித்திருப்பாரே, அச்சு அசல் அந்தக் கோல்.

மலையடிவாரத்தில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பசாங். மலை என்றால் மலையாளம் பேசுவார்கள் என்பது எங்கள் பக்கத்து அனுபவம். குமுளி தாண்டினால் அப்படித்தானே. ஆகவே நான் துணிந்து, "சேட்டா, எந்தா விசேஷம்?" என்றேன். கூட வந்த மதுரைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"சுகம்தன்னெ சேட்டா" என்றார் பசாங். மூணாறில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவராம். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனம் எனக்கே உதவியது அந்த ஒரு தடவைதான்.

பைகளைச் சுமக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் கொடுத்தார்கள். நான் மாட்டேன் என்றேன். நேர்ச்சைப் பை. முதுகில் அதைக் கட்டி, மெழுகுதிரியை நிமிர்த்திச் செருகிக்கொண்டு, பாதயாத்திரை நடையில் விறுவிறுவென்று கிளம்பினேன். பசாங் பின்னாலிருந்து, "பதுக்கே, பதுக்கே" என்று கத்திக்கொண்டே வந்தார். மெதுவாகப் போ என்று அர்த்தம். எனக்கா தெரியாது? தெரிந்தும் போனேன். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே எல்லாரையும் முந்திவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் யாராவது மோர்ப்பந்தல் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கே மோர் கொடுக்க ஆள் இல்லை. காற்றே அளவாகத்தான் கொடுத்தார்கள்.

கணவாய் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்த அன்று, தலைக்குள் யாரோ உரலில் மாவு இடிக்க ஆரம்பித்தார்கள். செபத்தில் 'மரியே' வரைக்கும் வருவேன், அடுத்த வார்த்தை வராது. காலையில் குடித்த சூப்பு, முந்தின நாள் தின்ற உருளைக்கிழங்கு எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். பசாங் என் விரலில், ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று காட்டும் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சேட்டா, தாழெ போணம்." கீழே இறங்க வேண்டுமாம்.

"முடியாது. என் தங்கச்சி மகளுக்கு ஜீப் வாங்கணும். அந்தா தெரியுதுல்ல, அங்கன நின்னு ஒரு போட்டோ. ஒரே போட்டோ" என்று தமிழிலேயே அழுதேன்.

பசாங் என் முன்னால் குந்தினார். "சேட்டன் மரிச்சா பின்னெ ஜீப் ஆரு வாங்கும்?"

எழுந்து நிற்கப் பார்த்தேன், காலுக்குப் பதில் பூட்ஸ் மட்டும்தான் இருந்தது.

அங்கே நடக்க முடியாதவர்களை ஒரு பெரிய மூங்கில் கூடையில் உட்கார வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து இறங்குகிறார்கள். பசாங்கின் மச்சான் என்னைச் சுமக்க வந்தார். என்னில் பாதி இருப்பார். முழங்காலை மடக்கி, முகத்தைப் பின்பக்கம் வைத்து, என்னைத் திராட்சைப் பெட்டி அடுக்குவதுபோல அடுக்கினார்கள். மடியில் நேர்ச்சைப் பை. மெழுகுதிரியை வைக்க இடமில்லை. ஆகவே கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஏறி வந்த சனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சப்பரத்தில் மாதா சுரூபம் வருகிற மாதிரியே நான் ஆடி ஆடி வந்தேன். ஒரு வயதான அம்மா கையைக் குவித்தார். அரை மயக்கத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா, பழக்க தோஷம், சிலுவை போட்டு ஆசீர்வதித்தேன். அதைக் கூட வந்த ஒரு மதுரைக்காரர் போட்டோ எடுத்துவிட்டார்.

கீழே தங்கும் விடுதியில் இறக்கி வைத்ததும் மூச்சு வந்தது, தலைவலி இறங்கியது, அதற்குப் பிறகு நெஞ்சுவலி தொடங்கியது. வியாதி இல்லை. ஜெசிந்தாவின் முகம். எத்தனையோ பேர் வயிற்றுவலியும் கண்ணீரும் அந்தப் பைக்குள் கிடந்தன, நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாதா அந்த மறந்துபோன விதியை நினைவுபடுத்தினாள். விழுந்தவன் கை மாற்றலாம்.

பசாங்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு பொருளாக எடுத்து, கொடுத்தவர் பெயரைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். மதலையம்மா. ஜெசிந்தா. பேனருக்கு முருகேசன். மரத்தொட்டிலை வாங்கும்போது மட்டும் இரண்டு கையாலும் வாங்கினார்.

"இவரொக்கெ ஆரா?"

"எல்லாம் என் ஆளுக."

மறுநாள் காலையில் மற்றவர்களோடு அவர் மேலே போனார். மெழுகுதிரியைத் தோளில் சாய்த்து, பதுக்கே, பதுக்கே போனார். நான் வாசலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் எல்லாப் போட்டோக்களும் எங்கள் பங்கு வாட்ஸ்அப்பிலும் முருகேசண்ணன் போனிலும் போய் விழுந்தன. முதலில் போனது கூடைப் போட்டோ, கடைசியாகப் போனது கணவாயில் சாமிக்கொடி கட்டிய கற்குவியலில் எங்கள் நேர்ச்சைகள் இருந்த போட்டோ.

பாக்கியமேரிதான் முதலில் கூப்பிட்டாள்.

"என்னாங்க, உசுரோட இருக்கீகளா?"

"இருக்கேன்."

"அப்ப கூடைக்குள்ள இருக்கது நீங்கதானா? மதலையக்கா ஏதோ சுரூபம்னு தொட்டுக் கும்பிட்டுட்டாக." பிறகு மூச்சு குலுங்கிக் குலுங்கி வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதிருக்கிறாள். பிறகு சிரித்தாள், அது இன்றுவரை நிற்கவில்லை.

முருகேசண்ணனுக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, நான் மேல போகல" என்றேன். கடையில் ஏலக்காய் சலிப்பவனை நிறுத்தச் சொன்னார்.

"உச்சியில நிக்கிறவன் யாரு?"

"பசாங்குன்னு ஒரு தம்பிண்ணே. நேர்ச்சையைக் கை மாத்திவிட்டேன்."

"பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான்."

"தமிழ் தெரியாதுண்ணே."

"ம். சவரி, ஒன் தங்கச்சி மகளையும் இப்படித்தான் தூக்கியாந்தாகளா?"

"அவளுக்கு ஏதுண்ணே கூடை? கட்டிலு. அதுவும் மழையில."

அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஒருத்தர்ட்டயும் சொல்லாத. ஒரு வருசம் சட்டி எடுக்கையில எனக்குக் கை தாங்கல. பாதி வழியில எம்மச்சான் வாங்கிக்கிட்டுப் போயித்தான் சேத்தான். ஆத்தா திருப்பியா அனுப்பினா? நான் சொன்னதைத் தாரேன். கூடையில வந்ததுக்குத் தனியாத் தாரேன்."

"அப்ப பாதிச் சட்டி கிடையாதுன்னீக?"

"அது யாவாரப் பேச்சு."

(ஒருத்தரிடமும் சொல்லாதே என்றார். இதில் எழுதிக்கொள்ள அவரே பிற்பாடு சம்மதம் கொடுத்துவிட்டார். "ஆத்தாளுக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரிஞ்சா என்ன" என்றார்.)

அந்தக் கூடைப் போட்டோவை அவர் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார். சரக்கு எடுக்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இது யார் என்று கேட்டார்கள், பிறகு மேகமலைப் பெண்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று அண்ணன் சொல்வதைக் கேட்டார்கள். பஜார் கையை மடக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு மாதம் நிறைவதற்குள் ஜீப் மேலே போய் நின்றது. அவள் அதில் படுத்துக்கொண்டே இறங்கினாள். அந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாளாம், திறந்தபோது சின்னமனூர் வந்திருந்தது. பெண் குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் கையில் பிறந்தது. 'வளைவு' தன் தங்கச்சியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்கு வெங்காய மூட்டை வைக்கலையா?"

ஜீப்புக்கு அறக்கட்டளைக்காரர்கள் அழகான பெயர் ஒன்று எழுதியிருந்தார்கள். யாருக்கும் அது தெரியாது. எஸ்டேட்டில் யாருக்கு வலி வந்தாலும், "ஏலே, கூடையை வரச்சொல்லு" என்றுதான் போன் போடுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் நான் வேளாங்கண்ணிக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா போனில், "மாமா, நடந்துருவீகளா, கூடையை அனுப்பவா?" என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்கட்டும். கேட்கிறதற்கு அவள் இருக்கிறாள் அல்லவா, ஆண்டவருக்குத் தோத்திரம்.

படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மலையில் ஒரு பெண் வலியோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். மலையை உயர்த்த வேண்டாம், என்னைக் கனக்க வைக்க வேண்டாம், மெழுகுதிரியின் வளைவைக்கூட நிமிர்த்த வேண்டாம். கேட்கிறவர்கள் "எருமை எங்கே?" என்று கேட்டால், பாக்கியமேரியிடம் அனுப்பிவிடுங்கள்.