கார்த்திகேசன் பேர் இருக்கும் இடமெல்லாம்

அம்சவல்லி இனி வெப்சைட்டைத் தொடக்கூடாது. மரக்காணத்து உப்பள முதலாளி கார்த்திகேசன், காலை இட்லியோடு இந்தச் சபதத்தையும் சேர்த்து விழுங்கினான். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. இட்லி சுட்ட மனைவி எதிரிலேயே நின்றிருந்தாள்.

வெப்சைட்டில் போட்ட படங்களைப் பற்றித்தான் சண்டை. உப்பு விற்க அவனே வீடியோ பார்த்துக் கட்டிய பக்கம் அது. படத்துக்குப் படம் கார்த்திகேசன், கூலிங்கிளாஸோடு, உப்புக் குவியலை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றான்.

"என்னாங்க, இதுல உப்பு எங்க இருக்குது?"

"எனக்குப் பின்னாடி."

"வாங்க வர்றவங்க எட்டிப் பாக்கணுமா?"

"மூஞ்சியப் பாத்தாத்தான்டி நம்பிக்க வரும்."

"பாத்துட்டுத்தான் ஒருத்தரும் வரல."

விளையாட்டுப் பேச்சில்லை. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் குவியல் விற்காவிட்டால் வருஷத்து உழைப்பு கரைந்துபோகும். புதுச்சேரியில் கருவாட்டுக் கம்பெனி நடத்தும் பிரபாகரன், அன்று மதியத்துக்குள் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

கார்த்திகேசன் ஒரு தந்திரம் செய்தான். "பக்கத்துல கை வெக்காத. ஸ்டைல் ஃபைல் மட்டும் உனக்கு. கலர் கிலர் மாத்திக்கோ" என்று பெரிய மனசோடு லேப்டாப்பைத் தள்ளினான். அதற்கு முன்பே பக்கத்தில் படங்களுக்கு அடையாளமாக இருந்த கிளாஸ், ஐடி எல்லாவற்றையும் ரகசியமாக அழித்திருந்தான். அந்தப் பிடி இல்லாமல் ஸ்டைல் ஃபைலிலிருந்து எந்தப் படத்தையும் தனியாகத் தொட முடியாது என்று வீடியோவில் சொன்னார்கள். அந்த வீடியோவின் இரண்டாம் பாகத்தை அவன் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அம்சவல்லி பெயருக்குப் பக்கத்தில் பி.சி.ஏ. என்று அச்சடித்திருந்ததும் மறந்துபோயிற்று.

குவியலை ஓலை போட்டு மூட அளத்துக்குப் போனான். மதியம் போனில் பக்கத்தைத் திறந்தால், அவனைக் காணோம்! அத்தனை கூலிங்கிளாஸும் போய், பக்கத்தின் அடியில் ஏற்கெனவே கிடந்த ஒரே ஒரு படம் நின்றது. போன மாதம் அவன் குனிந்து ஓலை போடும்போது அம்சவல்லி பின்னாலிருந்து எடுத்தது. முகம் இல்லை, முதுகுதான். ஆனால் குவியல் வெள்ளை வெளேரென்று முழுசாகத் தெரிந்தது. கீழே எறும்பு சைஸில் இருந்த அம்சவல்லியின் போன் நம்பர், இப்போது கட்அவுட் சைஸில் நின்றது.

உடனே அவளைக் கூப்பிட்டான். "அடிப்பாவி! பக்கத்த மாத்திட்டியா?"

"தொடவே இல்லைங்க. ஸ்டைல் ஃபைல்ல ரெண்டே வரி."

"அதான் கிளாஸே இல்லியே! எதப் பிடிச்ச?"

"அட்ரிப்யூட்டப் பிடிச்சேன். அளத்துல யாருதுன்னு தெரிய குவியலுக்குக் குவியல் குச்சி நடுவீங்கல்ல? அதே பழக்கத்துல படத்துக்குப் படம், விளக்கம் எழுதற ஆல்ட்டுல உங்க பேர நட்டு வெச்சிருக்கீங்க. சதுர அடைப்புக்குறிக்குள்ள ஆல்ட், ஒரு நட்சத்திரம், சமக்குறி, உங்க பேரு. அந்தப் பேரு எந்தப் படத்துல இருந்தாலும் மறைச்சிடுன்னு எழுதிட்டேன்."

"அந்த முதுகு மட்டும்?"

"மூஞ்சி தெரியலன்னு நீங்கதான் அதுக்குப் பேரே போடல."

"உன் நம்பரு?"

"நட்சத்திரத்துக்குப் பதிலா டாலர் குறி. லிங்க் என் நம்பர்ல முடிஞ்சா பெருசா காட்டு. அவ்ளோதான்."

கார்த்திகேசனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு குச்சியைக்கூடப் பிடுங்காமல், தான் நட்ட குச்சிகளை வைத்தே தன்னைத் தூக்கிவிட்டாளே! இவளையா கலர் மாற்றச் சொன்னோம் என்று பிரமித்து நின்றான். பெருமையாகவும் இருந்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் லாரி ஹாரன் கேட்டது. பிரபாகரன் இறங்கி வந்து, உப்பை அள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"படத்துல இருந்த அதே உப்பு. மேடத்துகிட்ட பேசிட்டேன். மொத்தத்தையும் ஏத்திடலாம்."

வருஷத்து உழைப்பு பிழைத்தது. கார்த்திகேசன் ஓலையைக் கீழே போட்டான். கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான்.

"வணக்கங்க. என்னத் தெரியுதுங்களா?"

அவர் உற்றுப் பார்த்தார். "தெரியலியே. கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினான்.

"அட, நீங்களா! அந்தப் படத்துல இருக்கறவரு! மேடத்துகிட்ட எத்தினி வருஷமா வேல பாக்கறீங்க?"

கார்த்திகேசன் கூலிங்கிளாஸைக் கழற்றினான்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்துங்க."